கடைசி இடத்திலிருந்து பார்க்கும் டிவி

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன மாதக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று பேர் அடுத்தடுத்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், பெரிய டிவி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் இன்று மைக் முன்னால் வந்து நிற்கிறேன்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாகக் கேட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. முன்பு 43 இன்ச்சோடு நின்றவர்கள் இப்போது 55, 65 என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று நான் சொல்லப்போவதில்லை. மாடல்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. நான் சொல்ல வந்தது மதிப்பிடும் முறையை. அது என் அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது.

சில வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு 55 இன்ச் டிவி வாங்கினேன். ஷோரூமில் அதில் கிளிகள் பறந்தன, தேன் சொட்டியது, கடலுக்கு அடியில் மீன்கள் மின்னின. நேர் எதிரே நின்று பார்த்து, மனம் மயங்கி, பணம் கட்டினேன். வீட்டில் மாட்டிய அன்று ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டார்: "என்னடா, எல்லார் மூஞ்சியும் சாம்பல் பூசின மாதிரி இருக்கு?" சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு முகங்கள் சரியாகவே தெரிந்தன. கண்ணில் கோளாறோ என்று அம்மாவைக் கண் மருத்துவரிடம்கூட அழைத்துப் போனேன். கண் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா ஊருக்குப் போயிருந்தபோது, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சமையலறை வாசல் ஓரம், தரையில், தூணில் சாய்ந்து. அடுப்பில் ஒரு கண், டிவியில் ஒரு கண் என்று இருபது வருடமாக அவர் உட்காரும் இடம் அது. அங்கிருந்து பார்த்தால் கதாநாயகியின் முகம் உண்மையிலேயே சாம்பல்தான். கறுப்புப் புடவை வெளுத்துப்போய்த் தெரிந்தது.

காரணம் எளிமையானது. நம் வீடுகளில் இருக்கும் எல்இடி டிவி என்பது பின்னால் விளக்கும், முன்னால் திரவப் படிகத் தகடும் கொண்ட எல்சிடி திரைதான். அந்தத் தகட்டில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலில் நேர் எதிரே உட்கார்ந்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு கருஞ்சாம்பலாகிவிடும். நான் வாங்கியது விஏ. நான் பார்த்தது நடு இடத்திலிருந்து. அம்மா பார்த்தது ஓரத்திலிருந்து, அதுவும் கீழேயிருந்து.

அன்று முதல் என் அளவுகோல் ஒன்றுதான். வீட்டில் மிக மோசமான இடத்தில் உட்காருபவர் யார், அவர் எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறார் என்பதை வைத்தே டிவியை மதிப்பிட வேண்டும். சோபா நடுவில் உட்காருபவருக்கு எந்த டிவியும் நன்றாகவே தெரியும்.

அளவுக்கு வருகிறேன். டிவியின் இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. 55 இன்ச் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். 65 இன்ச் என்றால் 144. 75 என்றால் 166. எண்ணில் பத்துதான் கூடுகிறது என்று நினைக்காதீர்கள். 55-லிருந்து 65-க்குப் போனால் பரப்பு 40 சதவீதம் கூடுகிறது. திரை நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகை அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டும் என்பது திரைப்படத் தொழில்நுட்பத்தில் பழகிய கணக்கு. அதைச் சுருக்கினால், உங்கள் கண்ணிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து 1.6-ஆல் வகுங்கள். 9 அடி என்றால் 108 அங்குலம், வகுத்தால் 67. அந்தக் கூடத்துக்கு 65 இன்ச் பொருந்தும். 7 அடிதான் இருக்கிறது என்றால் 55-க்கு மேல் போக அவசியமில்லை. சினிமாவுக்காகவே வாங்குகிறேன் என்பவர் இதைவிடப் பெரிதாகவும் போகலாம். செய்தியும் சீரியலும்தான் என்றால் இதைவிடச் சிறியதே போதும்.

ஏன் சிறியது போதும் என்கிறேன்? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கடைக்காரர் யாரும் சொல்லாத விஷயம் இது.

2006-இல் அமைந்த திமுக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி நினைவிருக்கிறதா? 14 இன்ச். இந்த அறையில் பாதிப் பேர் வீட்டில் அது இருந்திருக்கும். அதில் வந்த படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் 4 லட்சத்து 14 ஆயிரத்து 720. இன்றைய 4கே டிவியில் 3840-க்கு 2160 புள்ளிகள், அதாவது 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 20 மடங்கு. இப்போது பரப்பைப் பாருங்கள். 14 இன்ச் திரையைவிட 65 இன்ச் திரை ஏறக்குறைய 19 மடங்கு பெரியது.

கேபிளிலும் டிடிஎச்சிலும் எச்டி பேக் போடாமல் நீங்கள் பார்க்கும் தமிழ் சேனல்கள், அதாவது எஸ்டி சேனல்கள், இன்றும் அந்தப் பழைய 4 லட்சம் புள்ளியில்தான் வருகின்றன. 14 இன்ச்சுக்குப் போதுமாக இருந்த அதே சரக்கை 65 இன்ச்சில் பரப்புகிறோம். ஒரு வாய் சோற்றுக்கான குழம்பை ஒரு பானைச் சோற்றில் ஊற்றிப் பிசைவது போல. இருபது புள்ளிகளில் ஒன்றுதான் ஒளிபரப்பிலிருந்து வருகிறது. மீதி பத்தொன்பதை டிவிக்குள் இருக்கும் சில்லு தானாக ஊகித்து நிரப்புகிறது. இதற்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். ஒரே விலையில் இரண்டு 4கே டிவிகளை வைத்துப் பார்த்தால், 4கே படத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய எஸ்டி சேனலைப் போட்டால்தான் ஒன்றில் முகம் முகமாகவும், இன்னொன்றில் மெழுகுப் பொம்மையாகவும் தெரியும். ஆகவே கடையில் கிளியையும் தேனையும் காட்டினால், "செட்டாப் பாக்ஸ் இருக்கா? ஒரு எஸ்டி சேனல் போடுங்க" என்று கேளுங்கள். இல்லையென்றால் பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றை யூட்யூபில் 480 அளவில் போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஐம்பதாயிரம், எழுபதாயிரம் கொடுக்கிறீர்கள்.

8கே டிவி பற்றியும் கேட்கிறார்கள். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். 65 இன்ச் 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். நாலேகால் அடிக்கு அப்பால் போனாலே அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. எட்டு, ஒன்பது அடியில் உட்கார்ந்துகொண்டு அதைவிட நுட்பமான திரைக்குப் பணம் கொடுப்பது வீண்.

அடுத்தது நிறம். டிவியில் நிறத்தைச் சோதிக்கப் பூவையும் பறவையையும் பார்க்கக் கூடாது. அந்தக் கிளி எவ்வளவு பச்சை என்று நமக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் மாநிற முகம், நெற்றியில் குங்குமம், மஞ்சள் பூசிய கன்னம், வெள்ளை வேட்டி. இவற்றின் உண்மை நிறம் நம் எல்லார் கண்ணிலும் பதிந்திருக்கிறது.

கடையில் டிவி 'விவிட்' என்ற மோடில் ஓடும். பட்டப்பகல் போல் விளக்கெரியும் ஷோரூமில் பக்கத்து டிவியை அமுக்கிக் காட்டுவதற்காக அமைத்தது அது. வெள்ளையை நீலத்தின் பக்கம் தள்ளும், நிறங்களை அடர்த்தியாக்கும். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டிதான் வெள்ளை வேட்டி என்று நம் கண் பழகியிருப்பதால் அது நமக்கும் முதலில் பிடித்துப்போகிறது. ஆனால் ஒளிபரப்புக்கும் படத்துக்கும் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வெள்ளை 6500 கெல்வின் அளவிலானது. அது மேகம் பரவிய பகல் வெளிச்சத்தை ஒத்தது. அந்த வெள்ளைக்கு ஏற்பத்தான் படத்தின் நிறங்களைச் சேர்த்திருப்பார்கள். விவிட் மோடில் அந்தக் கணக்கு கலைகிறது. மாநிற முகம் ஒன்று நீலம் பாரிக்கும், அல்லது செங்கல்லாகச் சிவக்கும். ரிமோட்டை வாங்கி 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்கு மாற்றுங்கள். முதல் பார்வைக்கு மங்கலாக, மஞ்சளாகத் தெரியும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு முகங்களைப் பாருங்கள்.

இனி இருட்டு. ஒரு திரையின் தரத்தைச் சொல்வது அதன் வெளிச்சத்தைவிட அதன் கறுப்புதான் என்பது என் உறுதியான எண்ணம். 1987-இல் வந்த 'நாயகன்' படத்துக்கு ஒளிப்பதிவுக்காக பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். இருட்டைத் துணிந்து பயன்படுத்திய படம் அது. அந்தப் படத்தை மலிவான எல்சிடி திரையில் போட்டால், அவர் கறுப்பாக விட்ட இடமெல்லாம் சாம்பல் மூட்டமாகிவிடும். பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க, திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கிறது. சன்னலைச் சாத்தினாலும் இடுக்கில் வெயில் கசிவது போல வெளிச்சம் கசிகிறது. ஐபிஎஸ் பேனலில் மிகப் பிரகாசமான வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று அளவில் நிற்கும். நல்ல விஏ பேனலில் மூவாயிரம், ஐயாயிரம் வரை போகும்.

அதே 1987-இல்தான், ஈஸ்ட்மேன் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலத்தைப் பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். அதுதான் இன்றைய ஓஎல்இடி. 2007-இல் சோனி 11 இன்ச் ஓஎல்இடி டிவியைக் கொண்டுவந்தது. 2013-இல் எல்ஜியின் 55 இன்ச் வந்தது. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாகக் கெடாது. என் அம்மா உட்காரும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான திரை இல்லை.

அப்படியானால் எல்லாரும் ஓஎல்இடி வாங்கலாமா? வேண்டாம். கரிமப் படலம் ஒளிர ஒளிரத் தேயும். ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, அதன் சாயல் நிரந்தரமாகத் தங்கிவிடும். நம் செய்திச் சேனல்களை நினைத்துப் பாருங்கள். மூலையில் அசையாத சின்னம், கீழே சிவப்புப் பட்டை, அதன் மேல் ஓடும் எழுத்து. காலை காபியிலிருந்து ராத்திரி சாப்பாடு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டில் ஓஎல்இடி வைக்கக் கூடாது. இதற்கு வாரண்டி உண்டா என்று கேட்டால் விற்பனையாளர் வாயால் "உண்டு" என்பார். வாரண்டி அட்டையில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வீட்டுக்கு மினி எல்இடி சரியாக வரும். எல்சிடிதான், ஆனால் பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டுப் பகுதியில் விளக்கைத் தணித்துவிடுகிறார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் பெரிதாகத் தெரிந்தால் பகுதிகள் குறைவு என்று அர்த்தம். வாசல் கதவு திறந்தே இருக்கும், எதிரே சன்னல் இருக்கும் நம் ஊர்க் கூடத்தில் பகலில் பார்க்க, நல்ல பிரகாசமுள்ள இந்த வகைத் திரைதான் தாக்குப்பிடிக்கும். க்யூஎல்இடி என்பதும் பின்விளக்குள்ள எல்சிடிதான். நிறத்தைத் தூய்மையாக்கும் குவாண்டம் புள்ளிப் படலம் கூடுதல், அவ்வளவே. குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது உண்மை. அதற்காக அந்த ஸ்டிக்கர் ஒட்டிய டிவி எல்லாமே உயர்ந்தது என்று ஆகிவிடாது.

எச்டிஆர் ஸ்டிக்கரும் அப்படித்தான். எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் பட வகை. 'எச்டிஆர் சப்போர்ட்' என்றால் அந்த வகைப் படத்தை டிவி வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். அதைக் காட்டும் வலு அதற்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் பிரகாசத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். 300 நிட்டில் திணறும் டிவியில் அதைப் போட்டால் படம் இன்னும் இருண்டுதான் தெரியும். உச்சப் பிரகாசம் எத்தனை நிட் என்று கேளுங்கள்.

அசைவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சினிமா நொடிக்கு 24 பிரேம்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 சரியாக வகுபடாது. ஒரு பிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி நிற்பதால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் படம் தத்தித் தத்திப் போகும். 120 ஹெர்ட்ஸ் பேனலில் ஒவ்வொரு பிரேமும் ஐந்து முறை, தடங்கல் இல்லை. ஆனால் 'மோஷன் ரேட் 120' என்று பெட்டியில் அச்சடித்து, உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல் வைத்த டிவிகள் உண்டு. "பேனலோட நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் என்ன?" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். டிவி தானாக இடையில் பிரேம்களை உண்டாக்கிச் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியைச் சினிமா பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். அது சினிமாவைக் கல்யாண வீடியோவாக்கிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸ் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார். அடுத்த வருடம் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டதும் இதற்காகத்தான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை. பந்து பவுண்டரிக்கு ஓடும்போது பந்தைப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள். கேமரா நகர்ந்தாலும் பச்சையின் மேல் அழுக்குப் படிந்தாற்போல் சில திட்டுகள் நகராமல் நின்றால், பேனல் சீராக இல்லை. ஒரே மாடலிலும் ஒரு டிவிக்கு ஒரு டிவி இது மாறும். அதனால் வீட்டில் மாட்ட வந்தவர் கிளம்புவதற்குள் திரை முழுக்கச் சாம்பல், வெள்ளை, கறுப்பு வருகிற வீடியோக்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரை மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போனது. பல டிவிகளில் சத்தம் கீழ்நோக்கி வருகிறது. ஃபேன் சுற்றும் கூடத்தில் வயதானவர்களுக்கு வசனம் புரிவதில்லை. பட்ஜெட்டில் சவுண்ட்பாருக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் டிவி பாருங்கள். சவுண்ட்பாரை இணைக்க, இ-ஆர்க் வசதியுள்ள எச்டிஎம்ஐ போர்ட் டிவியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் உயரம். நம்மூரில் டிவியைச் சாமி படம் போல உயரத்தில் மாட்டுகிறோம். திரையின் நடுப்பகுதி கண்மட்டத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். 65 இன்ச் திரையின் உயரம் 81 சென்டிமீட்டர். ஆகவே அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் இருந்தால் போதும். தரையில் உட்காருபவர் வீட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள். உயரத்தில் மாட்டிய விஏ திரையைக் கீழேயிருந்து பார்ப்பதால் கழுத்தும் வலிக்கும், நிறமும் வெளுக்கும். என் வீட்டில் நடந்தது இந்த இரண்டும்தான். அந்த டிவியை மாற்ற என்னிடம் அப்போது பணமில்லை. ஒன்றரை அடி கீழே இறக்கி, சமையலறை வாசல் பக்கம் திருப்பிக்கொள்ளும் ஸ்டாண்டில் மாட்டி, விவிட்டிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சீரியல் முடியும்வரை எழுந்திருக்காமல் பார்த்தார்.

கடைக்குப் போகப்போகிற உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இன்று ராத்திரி எட்டு மணிக்கு, உங்கள் வீட்டில் ஓரத்தில் உட்காருபவரை எழுப்பிச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, அவர் இடத்தில் நீங்கள் போய் உட்காருங்கள். இருக்கிற டிவியில் படத்தை 'சினிமா' மோடுக்கு மாற்றி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அதற்குப் பிறகும் அந்த இடத்திலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை என்றால், தூரத்தை டேப்பால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். போகும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள்.